பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு ரிமோட் கார்

மரை போன பிளாஸ்டிக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அது ஒரு வியாதி. டிரான்சிஸ்டர் மூடியோ, டேப் ரெக்கார்டர் காலோ, மிக்ஸியின் அடித்தட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. திருகைப் போட்டுத் திருப்பினால், உள்வரி தேய்ந்து, பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் பாருங்கள், அந்தச் சனியனைக் கண்டால் என் மானமே போகிற மாதிரி இருக்கும். அந்த வியாதியால்தான் எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், என் மானம் நிஜமாகவே போனது. போனதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்போது நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் மெக்கானிக். கடை என்னுடையது இல்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் வீட்டார் வருவார்கள், "மாப்ளைக்கு என்னா வேல?" என்பார்கள், "ரேடியோ ரிப்பேர்" என்றதும் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள். மாதச் சம்பளத்தில் சிமென்ட் ஆலைக்குப் போகிற பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கும்போது, ஈயப் புகையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எவன் பெண் கொடுப்பான்?

அம்மா ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் ஊரில் இருந்தாள். அப்பா நான் சிறியவனாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இருந்தாலும் விரலெல்லாம் கறுத்து, நுனி உரிந்து கிடக்கும். சனிக்கிழமை கூலி வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவாள். என்னை ஐ.டி.ஐ.யில் படிக்க வைத்தது அந்தக் காசுதான்.

இந்த இடத்தைக் கொண்டு வந்தது ஒரு கல்யாணத் தரகர். பெண்ணின் அப்பா கொஞ்சம் நிலபுலம் உள்ளவர். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை, அப்போது லீவில் வந்திருந்தார். தரகர் அவர்களிடம், "பையன் பெரம்பலூர் டவுன்ல ரேடியோ கடை வச்சிருக்காரு" என்று அளந்துவிட்டிருக்கிறார். என்னிடம் வந்து, "வச்சிருக்காருன்னுதான சொன்னேன், சொந்தமான்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல" என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அம்மாவைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை.

அன்றைக்கு நான் கடையிலிருந்து நேராக வந்து அரியலூரில் இறங்கினேன். அம்மாவும் பெரியப்பாவும் தரகரும் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து எனக்காகக் காத்திருந்தார்கள். என் தோளில் தொங்கிய ரிப்பேர்ச் சாமான் பையைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ணு பாக்க வரவன் இத எதுக்குடா தூக்கிட்டு வந்த?"

"கடையில வச்சா எவனாவது எடுத்துடுவாம்மா."

"போனதும் கண்ணுல படாம ஒரு ஓரமா வச்சிடு," என்றாள். அவள் கட்டியிருந்தது யாரிடமோ கேட்டு வாங்கிய பட்டுப்புடவை. கையைச் சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்திருந்தாள். கறுப்பு முழுக்கப் போகவில்லை.

பெண் வீட்டில் நன்றாகத்தான் வரவேற்றார்கள். பெண் காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. டம்ளரைத்தான் பார்த்தேன். சமையல் வாசனை வந்தது, ஆனால் இலை போடவில்லை. எங்கள் பக்கம் பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். பேச்சை முடிக்க வேண்டியவர் பெண்ணின் தாய்மாமன். அவர் உடையார்பாளையத்திலிருந்து வர வேண்டும், பஸ் கிடைக்காமல் தாமதம். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் எழுந்து வர வேண்டியதுதான். எல்லாரும் அவருக்காக உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மழையைப் பற்றி இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது போகாமல் பெண்ணின் அண்ணன் உள்ளே போய் ஒரு காரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரிமோட் கார். ஒரு முழ நீளம் இருந்தது. கடையில் நாங்கள் பார்த்திருந்த பொம்மை மாதிரி இல்லை. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை அவரே புத்தகத்தைப் பார்த்துப் பூட்டியிருக்கிறார். கையில் ஒரு பெட்டி, அதில் நீளமாக ஏரியல். சிங்கப்பூரில் நன்றாக ஓடியதாம். இங்கே தெருவில் விட்டதும் தண்ணீர்த் தொட்டியில் மோதி, முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை கழன்று தொங்குகிறது.

"நீங்க ரேடியோ லைன்ல இருக்கீங்களாமே. இது என்னான்னு பாருங்களேன்," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வேறென்ன, மரை போயிருந்தது. இந்த மாதிரிச் சாமான்களில் திருகு நேராகப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே போகும். முதல் தடவை தனக்கு வேண்டிய மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். நாலைந்து தடவை கழற்றிப் பூட்டினால் அந்த மரை மாவாக உதிர்ந்துவிடும். இவர் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் கழற்றி உள்ளே காட்டியிருக்கிறார். சக்கரத்தின் கையைப் பிடிக்கிற இரண்டு ஓட்டையும் வழுக்கிவிட்டன. ஒன்றில் பசையை ஊற்றி வேறு கெடுத்து வைத்திருந்தார்.

"பிளக் பாயின்ட் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் வாயில் சனி.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேண்டாம் என்றிருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஓட்டையில் விரலை வைத்தபிறகு என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதுவுமில்லாமல், சரிசெய்து காட்டினால் இவர்கள் மெச்சுவார்கள், மாமன் வருவதற்குள் பேச்சு பாதி முடிந்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கணக்கும் போட்டேன்.

பிளக் பாயின்ட் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் இருந்தது, கிரைண்டர் வைத்திருக்கும் இடத்தில். அண்ணன் என்னை உட்கார வைத்துவிட்டு முன்பக்கம் போனார், பெரியவர்களைத் தனியாக விடக் கூடாதென்று. சட்டை புதுசு, கல்யாணத்துக்கும் அதுதான் என்று எடுத்தது. சூடு பட்டால் ஓட்டை விழும். கழற்றி ஆணியில் மாட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கடையில் உட்காருவது எப்படியோ அப்படி.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. செத்துப்போன ரேடியோக்களிலிருந்து சின்னச் சின்னப் பித்தளை புஷ் எடுத்து வைத்திருப்பேன். உள்ளே மரை, வெளியே சொரசொரவென்று வரி. ஓட்டையின் வாயில் புஷ்ஷை வைத்து அதன் தலையில் சால்டரிங் அயர்னின் நுனியை வைக்க வேண்டும். அமுக்கக் கூடாது. அமுக்கினால் கோணிக்கொண்டு போகும். அயர்னின் கனமே போதும். பித்தளை சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, தானாக இறங்கும். முழுக்க இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அயர்னை எடுத்துவிட்டு, குளிர்ந்த இரும்புத் தகடு எதையாவது வைத்து ஒரே அழுத்து. மேல்மட்டத்தோடு சமமாக நின்றுவிடும். இளகின பிளாஸ்டிக் அந்த வரிகளுக்குள் ஓடி இறுகிக்கொள்ளும். ஆறுகிறவரை கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். சூட்டோடு திருகைப் போட்டால் புஷ்ஷும் சேர்ந்து சுற்றும், அப்புறம் ஜென்மத்துக்கும் பிடிக்காது.

ரேடியோப் பெட்டியின் பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி மெல்ல இளகும். இந்தக் காரின் பிளாஸ்டிக் வேறு ரகம், வழவழவென்று கெட்டியாக இருந்தது. அயர்னை வைத்து ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. சரி, சூடு பத்தவில்லை என்று நினைக்கும்போது சடக்கென்று இறங்கியது. முதல் புஷ் கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது. போனால் போகிறதென்று மேலே ஒரு வாஷர் கொடுத்துச் சமாளித்தேன். பசை ஊற்றியிருந்த இரண்டாவது ஓட்டையைக் கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேராக இறங்கி நின்றது.

அப்போதுதான் பெண் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் வந்தாள். குடத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"திரும்பக் கழண்டுடாதுங்களா?"

"இனிமே திருகுதாங்க கழலும். மரை கழலாது."

"அப்ப எங்கண்ணன் தெனமும் கழட்டலாம்," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் பேசினாள். எனக்கு அது போதும். இத்தனை வருஷத்தில் நான் செய்வதை நின்று பார்த்த பெண் அவள் ஒருத்திதான். இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. அமையாவிட்டால் இனி ஒரு வீட்டுக்குப் போய்க் காபி குடிக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

திருகுகளைப் போட்டு முடுக்கினேன். கடைசிச் சுற்றில் கெட்டியாகப் பிடித்தது. சக்கரத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொல்லைப் படல் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர், வயல் வழியாகக் குறுக்கே நடந்து வந்திருக்கிறார், காலெல்லாம் சேறு. தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னாப்பா, ரிப்பேரா?"

"ஆமாங்கய்யா."

"ஓடுமா?"

"ஓடும்ங்கய்யா. இப்பதான் முடிச்சேன்."

"நல்லா இரு. இந்தப் பய சிங்கப்பூர்லேர்ந்து இதத் தூக்கிட்டு வந்து ஒரே ரோதனை." சட்டைப் பையில் கையை விட்டு ஒரு ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "வச்சுக்க. வூட்டுல மாப்ள வூட்டுக்காரங்க வந்திருக்காங்க. முன்பக்கம் வராம இப்படியே கொல்லப்பக்கமா போயிடு, என்னா?"

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறப்பதற்குள் கை முந்திக்கொண்டது. கடையில் அன்றைய முதல் காசு, போணிக் காசு, யார் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பழக்கம். அதே மாதிரி வாங்கினேன். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர்தான் தாய்மாமன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இப்படியே படலைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அம்மா உள்ளே இருக்கிறாளே. முகத்தைக் கழுவிச் சட்டையைப் போட்டு, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாமன் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "எங்க, மாப்ளயக் காணும்?" என்று அவர் கேட்பதும் நான் வாசற்படியில் நிற்பதும் ஒன்றாக நடந்தது.

"இதோ வந்துட்டாரே," என்றார் அண்ணன்.

மாமன் வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நல்ல மனுஷன், மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. "அடப்பாவி, என்னா காரியம் பண்ணிட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு, கொல்லையில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணின் அம்மா மகனை முறைத்தாள். தரகர் கூரையைப் பார்த்தார். நான் கூனிக் குறுகி நின்றேன். காரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கண்ணுல வேற ஒத்திக்கிட்டாரு," என்றார் மாமன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெண்ணின் அப்பா முதல் தடவையாக என்னை மேலும் கீழும் பார்த்தார். டவுனில் கடை வைத்திருக்கிறவன் ஐந்து ரூபாய்க்குக் கண்ணில் ஒற்றிக்கொள்வானா என்கிற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. பேச்சு கை நழுவிப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

மாமன் என் பக்கத்தில் வந்தார். "மாப்ள, தெரியாம நடந்து போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. அந்த நோட்டக் குடுத்துடுங்க."

எடுத்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானே. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பெரியவங்க ஆசீர்வாதமா குடுக்குறீங்கன்னு வாங்குனேங்க. மத்தபடி கூலிக்குக் கை நீட்டுற குடும்பம் இல்லீங்க நாங்க."

அம்மா எனக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

மாமனுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. "பார்த்தீங்களா, இதுதான் குடும்பத்துப் புள்ள," என்று என் தோளைத் தட்டினார். பெண்ணின் அப்பா முகம் தெளிந்தது. அண்ணன் காரைக் கூடத்திலேயே ஓட்டிக் காட்டினார். அது பாயைச் சுற்றி ஓடியது, எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமன், "இலையப் போடுங்க," என்றார். பேச்சு முடிந்துவிட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது. அம்மா பக்கம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

திரும்பி வருகிற வழியில் அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலில் விழுந்திருப்பேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பொண்ணு நல்ல பொண்ணா தெரியுது," என்றாள். "உன் வேலயக் கண்டு மூஞ்சி சுளிக்கல." அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். தூங்கினாளோ, கண்ணை மூடிக்கொண்டிருந்தாளோ. நான் பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போகாமல் அவளோடு ஊர்வரை போனேன். வழி நெடுக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை, மன்னிச்சுடும்மா என்று, சொல்ல வரவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கேட்டாள்.

"ஏண்டா, அவங்க சனம் கேட்டா நான் என்னா வேல பாக்குறேன்னு சொல்லட்டும்?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், அதற்கு விரோதமாகத் தான் ஏதாவது உளறி, மகன் கல்யாணத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்கிற பயம்தான் இருந்தது. முந்திரி உடைக்கிறேன்னு சொல்லும்மா, உனக்கென்ன குறைச்சல் என்று சொல்ல எனக்கு அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. பேச்சு முடிந்து, பத்திரிகை அடித்து, எல்லாம் ஆகிவிட்டது. சொல்லியிருந்தால் எவனும் கல்யாணத்தை நிறுத்தப் போவதில்லை.

"சும்மா வூட்டுல இருக்கேன்னு சொல்லு," என்றேன்.

"சரி," என்றாள்.

கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியின் ஓரத்தில் மாமன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவுக்கு அறிமுகம் செய்துவைத்தார். நான் மாலையோடு பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க என்னாங்க பண்றீங்க, காடு கழனி ஏதும் பாத்துக்கிறீங்களா?"

"இல்லீங்க. சும்மா வூட்டுலதான் இருக்கேன்," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.